டிஸ்க் மாற்றும் நேரத்தில் முதலாளி எங்கே?



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி நம் சங்கராபுரம் வட்டாரக் கடைகளிலும் ஒரு வேலை மும்முரமாக நடக்கிறது. சிலர் கம்ப்யூட்டரையே மாற்றுகிறார்கள். சிலர் மந்தமாகிப்போன ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு, வேகமான எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்கிறார்கள். சர்வீஸ் தம்பி வருகிறார். "ஒரு மணி நேர வேலை முதலாளி, இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுடறேன்" என்கிறார். நாமும் "ஆகட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு, வாசலில் வெல்லம் இறக்கும் லாரியைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த ஒரு மணி நேரம்தான் நம் கணக்குக்கு ஆண்டிலேயே ஆபத்தான நேரம் என்பது நம் கருத்து. கணக்கைக் காப்பாற்றுவதற்காகச் செய்கிற காப்பிதான் பல கடைகளில் கணக்கை அழித்திருக்கிறது. எப்படி என்று தெரிந்துகொண்டால் தடுப்பது கடினமல்ல. அதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. குடோன் நடத்தத் தெரிந்த புத்தி போதும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

கல்லாவில் இருப்பது ஒரு நாள் வியாபாரப் பணம். கம்ப்யூட்டரில் இருப்பதோ பல ஆண்டு நம்பிக்கை. மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்புப் பணம் வந்ததும் தருகிறேன் என்று சாமான் எடுத்துப் போனவர், கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் சாமையும் இறக்கிவிட்டுக் கணக்கில் வரவு வைக்கச் சொன்னவர், வாரம் ஒருமுறை வந்து பழைய பாக்கியில் பாதி கட்டிப் புதுச் சரக்கு ஏற்றும் கிராமத்துக் கடைக்காரர் என்று அத்தனை பேருடைய பற்று வரவும் அதற்குள்தான் இருக்கிறது. முன்பு சிட்டை, நாள்வழி, பேரேடு என்று மூன்று இடத்தில் எழுதினோம். ஒன்று கறையான் தின்றாலும் மற்றொன்று இருக்கும். இன்று மூன்றும் கையகலத் தகடு ஒன்றுக்குள் அடங்கிவிட்டன.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆவது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய வருடாந்திர ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24-ஆம் ஆண்டுக்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருந்தாக வேண்டும். வழக்கு, மேல்முறையீடு இருந்தால் இன்னும் கூடும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு 57-ஆவது விதி வேறு இருக்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. "காப்பி எடுத்தோம்" என்பது போதாது. அதிலிருந்து திரும்ப எடுக்க முடிய வேண்டும்.

இமேஜ் என்றால் என்ன?

ஒரு ஃபைலைக் காப்பி செய்வது, குடோனிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிப்போய் இன்னொரு குடோனில் வைப்பது. இமேஜ் என்பது வேறு. குடோனை உள்ளபடியே அச்செடுப்பது அது. எந்த அறையில் எது, எந்த வரிசையில் எது, வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது உட்பட எல்லாம் வந்துவிடும். அதனால்தான் புது டிஸ்க் போட்டாலும் கம்ப்யூட்டர் பழையபடி திறக்கிறது.

ஆனால் சர்வீஸ்காரர்கள் எப்போதும் முழு டிஸ்கையும் இமேஜ் எடுப்பதில்லை. டிஸ்க், சி டிரைவ், டி டிரைவ் என்று அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். பார்ட்டிஷன் என்பது அதைத்தான். நம்மிடம் இருப்பது 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், வாங்கி வருவது 480 அல்லது 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பெரிய குடோன் சின்னக் குடோனுக்குள் அப்படியே நுழையாது. ஆகவே சி டிரைவை மட்டும் இமேஜ் எடுத்துப் புதியதில் போடுகிறார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நம் டேலி கணக்கு டி டிரைவில் இருந்தால் அது பழைய டிஸ்கிலேயே தங்கிவிடும். கம்ப்யூட்டர் திறக்கிறது, டேலி வருகிறது, எல்லாம் சரி என்று தம்பி போய்விடுவார். கழற்றிய பழைய டிஸ்க் வீணாகக் கிடப்பானேன் என்று கேமரா பெட்டியில் மாட்டுவோம். கேமரா பெட்டி முதல் வேலையாக அதை ஃபார்மேட் செய்துவிட்டு, வாசலில் போகிற ஆடு மாட்டைப் பதிவு செய்ய ஆரம்பிக்கும்.

எழுதுவது என்றால் அழிப்பது

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஏற்கெனவே சரக்கு உள்ள டிஸ்கில் இமேஜைப் போடும்போது, இருப்பதை ஒதுக்கிவைத்துவிட்டுக் காலி இடத்தில் அது உட்காராது. இருப்பதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

இதில் இரண்டு வழி உண்டு. பார்ட்டிஷனில் எழுதுவது ஒன்று. அந்த ஓர் அறை மட்டும் மாறும், மற்ற அறைகள் பிழைக்கும். முழு டிஸ்கில் எழுதுவது இன்னொன்று. எல்லா அறையும் போகும். திரையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். கிளோன்சில்லா போன்ற மென்பொருள் இரண்டு முறை "நிச்சயமா?" என்று கேட்கும். லினக்ஸில் உள்ள டிடி என்னும் கட்டளை ஒருமுறைகூடக் கேட்காது. மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலி டிஸ்கை எடுத்து நம் கணக்கின் மேல் எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும்.

அரைகுறை இமேஜ் இன்னும் மோசம். ஓர் அறைக்குரிய இமேஜை டிஸ்கின் தொடக்கத்திலிருந்தே எழுதிவிட்டால், முதலில் போவது வாசல் பலகை. எந்த அறை எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. முன்பகுதியில் இருந்த சரக்கு உண்மையாகவே போய்விடும். பின்பகுதியில் இருப்பது அங்கேயே கிடந்தாலும் எங்கே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முன்பாதி புதுசு, பின்பாதி பழசு என்று இரண்டும்கெட்டானாக நிற்கும்.

பழைய முறையில் (ஃபேட் 32) ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. அதனால் பெரிய இமேஜைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு ஃபோல்டரில் வைப்பார்கள். பத்து மூட்டை கொண்ட லாட்டில் ஒரு மூட்டை வராவிட்டால் ஒன்பதையாவது விற்கலாம். இங்கே அப்படியில்லை. ஒரு துண்டு விட்டுப்போனால் முழு இமேஜும் பயன்படாது. அது பெரும்பாலும் எப்போது தெரியவருகிறது? இலக்கு டிஸ்கில் பாதி எழுதிப் பழையதை அழித்த பிறகு!

நாம் அறிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்று சர்வீஸுக்கு ஆள் வந்தார். வேறொரு கடையில் எடுத்த விண்டோஸ் இமேஜ் அவர் கையில் இருந்தது. சி டிரைவில் மட்டும் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். முழு டிஸ்கில் போட்டுவிட்டார். டி டிரைவில் இருந்த ஆறு ஆண்டுக் கணக்கு போயிற்று. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் இணையத்தில் இருந்தன. ஆடிட்டரிடம் கொஞ்சம் இருந்தது. ஆனால் யார் யார் எவ்வளவு பாக்கி என்பது எவரிடமும் இல்லை. வாடிக்கைக்காரர்கள் சொன்னதே கணக்கு என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் நேர்மையாகவே சொன்னார்கள் என்பது நம் பகுதி மக்களுக்குப் பெருமை. ஆனாலும் ஒரு வியாபாரம் பிறர் ஞாபகத்தை நம்பி நிற்கக்கூடாது.

பெரிய இடத்திலும் இதே கதை

சின்ன ஊர், சின்னக் கடை, அரைகுறைப் பையன் என்று நினைக்க வேண்டாம். உலகெங்கும் உள்ள மென்பொருளாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பாருங்கள். அங்கே முதன்மை சர்வர் ஒன்று, துணை சர்வர் ஒன்று. துணை சர்வரில் நகல் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே அதிலுள்ள பழையதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து காப்பி எடுக்க முடிவு செய்தார்கள். அதற்குத் துணை சர்வரில் கொடுக்க வேண்டிய அழிக்கும் கட்டளையை, ஓர் என்ஜினீயர் முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மட்டுமே மிஞ்சியிருந்தது.

பேக்கப் இல்லையா என்றால், ஐந்து வகை ஏற்பாடு இருந்தது. ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஒன்று பல நாளாகத் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்கூட உரியவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக ஒருவர் எடுத்து வைத்திருந்த இமேஜ்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். நிறுவனம் இதை ஒளிக்காமல் உலகறிய எழுதியது. படித்தவர், அனுபவசாலி, நல்ல சம்பளம், நல்ல கருவி எல்லாம் இருந்தும், எந்த டிஸ்க் என்பதில் ஒரு கணம் தடுமாறினால் இதுதான் கதி.

இனி நகலை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு உதாரணம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் இருந்த தகவலைப் பணம் பறிக்கும் வைரஸ் பூட்டிப்போட்டது. சுமார் 1.3 டி.பி. தகவல். பேக்கப் சர்வர் ஒன்று தாக்குதலுக்குத் தப்பியிருந்தது. அதிலிருந்து எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலான பணிகள் சீராயின. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் கிளவுட் அமைப்பில் இதே போன்ற தாக்குதல். அங்கே இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. மே 17 முதல் அன்று வரை உள்ள அரசு அலுவலக மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. தனியே கழற்றி வைத்த நகல் அந்த மாதங்களுக்கு இல்லாததே காரணம்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. காப்பிக்கு முன், கடையின் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி பில் எண், ரொக்க இருப்பு, வரவேண்டிய பாக்கி மொத்தம், கொடுக்கவேண்டிய பாக்கி மொத்தம், சரக்கு இருப்பு மதிப்பு. காப்பிக்குப் பின் புதிய டிஸ்கில் டேலியைத் திறந்து ஐந்தையும் ஒத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை முதலாளிதான் செய்ய முடியும்.

2. கணக்கு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை முதலாளி தெரிந்து வைத்திருக்க வேண்டும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே அந்த முகவரி தெரியும். இமேஜ் எடுப்பதற்கு முன்பே டேலியின் சொந்த பேக்கப்பைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்துக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

3. வேலைக்குச் சம்பந்தமில்லாத டிஸ்க், பென் டிரைவ் அனைத்தையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். மாட்டாத டிஸ்கில் எவராலும் தவறாக எழுத முடியாது. இத்தனை பாதுகாப்பு வேறு எதிலும் இல்லை.

4. மூலம் எது, இலக்கு எது என்று டிஸ்கின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். திரையில் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்று வரும் வரிசையை நம்பாதீர்கள்; மறுபடி ஆன் செய்யும்போது அது மாறலாம். கம்பெனி பெயர், அளவு, சீரியல் எண் இவற்றை ஒத்துப் பார்க்க வேண்டும். 500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் சுமார் 465 என்றுதான் காட்டும். கணக்கிடும் முறை வேறு, அளவில் குறைவில்லை.

5. இலக்கு டிஸ்க் காலியாக இருக்க வேண்டும். பழைய டிஸ்கைத்தான் பயன்படுத்துவதென்றால், அதில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து, வேண்டியதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். பார்ட்டிஷன் இமேஜ் என்றால், போகிற அறை வந்த அறையின் அளவாவது இருக்க வேண்டும்.

6. எழுதுவதற்கு முன் இமேஜைச் சோதிக்கச் சொல்லுங்கள். கிளோன்சில்லாவில் அதற்கு வசதி உண்டு. கொஞ்ச நேரம் ஆகும், ஆகட்டும். அளவில் நம்ப முடியாத மலிவு பென் டிரைவ்களில் இமேஜ் வைக்க வேண்டாம். 1 டி.பி. என்று எழுதியிருக்கும், உள்ளே 32 ஜி.பி.தான் இருக்கும். முத்திரை இல்லாத தராசு மாதிரி.

7. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்பார்கள். அதற்கு 48 இலக்க மீட்பு எண் உண்டு. டிஸ்கில் கை வைக்கும் முன் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கம்ப்யூட்டருக்கே மாறுவதானால், பழையது ஓடும்போதே டேலி உரிமத்தைச் சரண்டர் செய்துவிட வேண்டும்.

8. வேலை முடிந்த பின், பழைய டிஸ்கைத் தேதி எழுதி ஒட்டி, ஓர் ஆண்டு நிறைவுக் கணக்கு முடியும்வரை பீரோவில் வையுங்கள். கேமரா பெட்டிக்குக் கொடுக்காதீர்கள்.

பழைய டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால், அது சாகப்போகிறது என்று பொருள். அதை மேலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். ரிப்பேர் கட்டளை எதுவும் கொடுக்க வேண்டாம். டிடிரெஸ்கியூ போன்ற மென்பொருள் நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைப் பிறகு முயலும். அப்படி வருகிற அரைகுறை இமேஜை ஒரு காலி டிஸ்கில் ஃபைலாகவே வைத்து, அதற்கும் ஒரு நகல் எடுத்து, நகலில்தான் மீட்பு வேலை செய்ய வேண்டும். தவறாக எழுதிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அந்தக் கணமே நிறுத்திக் கரண்டை அணைத்துவிடுங்கள். மேலே எழுதப்பட்டது திரும்பாது. எழுதப்படாத பகுதி திரும்ப வாய்ப்பு உண்டு.

கடைசியாக, ஒரு நகல் கடைக்கு வெளியே, வீட்டிலோ வேறிடத்திலோ இருக்கட்டும். 2021 அக்டோபர் 26 அன்று நம் சங்கராபுரத்தில் பட்டாசு வைத்திருந்த கடையில் நேர்ந்த வெடிவிபத்தை நாம் மறக்க முடியாது. போன உயிர்களுக்கு முன் கணக்கு வழக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் பிழைத்தவர் மறுபடி கடை திறக்க வேண்டுமே. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை என்ன பாடு படுத்தியது என்பதும் நாம் கண்டதே. தீயும் வெள்ளமும் டிஸ்கையும் அதன் பக்கத்திலேயே வைத்த நகலையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சர்வீஸ் தம்பிகளைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. சில நூறு ரூபாய் கூலிக்கு வந்து, "சீக்கிரம் முடி, பில் போட ஆள் நிற்கிறது" என்ற நம் அவசரத்துக்கு நடுவே அவர்கள் வேலை செய்கிறார்கள். எந்த ஃபோல்டரில் நம் உயிர் இருக்கிறது என்று நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. சரக்கு ஒரு குடோனிலிருந்து இன்னொரு குடோனுக்குப் போனால் டெலிவரி சலான் போடுகிறோம். கணக்கு ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்குப் போகும்போதும் ஒரு பக்கச் சலான் இருக்கட்டும். மூல டிஸ்க் சீரியல் எண், இலக்கு டிஸ்க் சீரியல் எண், முழு டிஸ்கா பார்ட்டிஷனா, இமேஜ் சோதிக்கப்பட்டதா, மேலே சொன்ன ஐந்து தொகைகள் ஒத்துவந்தனவா என்ற விவரங்களோடு முதலாளி கையெழுத்தும் சர்வீஸ்காரர் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். சங்கமே அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். செலவு பெரிதல்ல.

அடுத்து, மே 5 வணிகர் தினத்தன்று எப்படியும் பில் போடுவதில்லை. மாநாட்டுக்குப் புறப்படும் முன், முந்தின இரவே அந்த ஆண்டின் நகலை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிடுவது என்று நம் உறுப்பினர்கள் வழக்கப்படுத்திக்கொள்ளலாம். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். அதோடு ஆண்டுக்கு ஒருமுறை அதன் நகலையும் திறந்து பார்த்தால், 57-ஆவது விதியைக் கேட்டு வரும் அதிகாரிக்கும், பாக்கியைக் கேட்டு வரும் வாடிக்கைக்காரருக்கும் நாம் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.